ஒரு நிறம், இரு கணக்குகள்

பச்சைத் திரைக்கு முன் நின்ற நடிகரைத் தனியே பிரித்தெடுத்து, அவருக்குப் பின்னால் ஒரு நகரத்தையும் புகையையும் மழையையும் அடுக்கடுக்காகச் சேர்க்கிறார் ஒரு கம்பாசிட்டர். நெற்றியோர முடியிழையில் பச்சை கொஞ்சம் தங்கிவிட்டதா, புகையின் சாம்பல் நீலத்தின் பக்கம் சாய்கிறதா என்று வியூவரைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு முடிவையும் எடுக்கிறார். அந்த வியூவரில் தெரியும் நிறத்தைப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் உள்ள ஜிபியூ கணக்கிடுகிறது. வேலை முடிந்ததும் காட்சி ரெண்டர் ஃபார்முக்குப் போகிறது. அங்கே வரிசையாக நிற்கும் சர்வர்கள் பலவற்றில் கிராபிக்ஸ் கார்டே இருக்காது. இயக்குநர் பார்க்கப்போகும் கோப்பின் நிறத்தை அங்கே கணக்கிடுவது சிபியூ. கண் ஒப்புக்கொண்டது ஒரு கணக்கை. கோப்பில் பதிவாவது வேறொரு கணக்கு.

இந்த இரண்டும் ஒரே விடையைத் தர வேண்டும் என்பதற்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் உழைப்பை, மென்பொருள் உலகின் மிக அழகான கைவினைகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். அது நன்றாக நடந்தால் யார் கண்ணிலும் படாது. அதனாலேயே அதை நிதானமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

முதலில், கணக்கிடப்படும் பொருள் எது என்று பார்ப்போம். 1984-இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய கம்பாசிட்டிங்கின் இலக்கணம். ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைப்பது, ஒன்றுக்குள் இன்னொன்றை வெட்டுவது எல்லாமே ஆல்ஃபா எனும் நான்காம் சேனலைக் கொண்டு செய்யும் பெருக்கலும் கூட்டலும்தான் என்று அவர்கள் வகுத்துக் காட்டினார்கள். அந்தப் பெருக்கலுக்கு உண்மையான பொருள் இருக்க வேண்டுமானால், பிக்சலில் உள்ள எண் ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் இருக்க வேண்டும். ஒளி இரட்டித்தால் எண்ணும் இரட்டிக்க வேண்டும். இதைத்தான் லீனியர் என்கிறோம். இந்த அளவையில் நடுத்தரச் சாம்பல் அட்டை 0.18 என்று நிற்கும். வெயில் பட்ட வெள்ளைச் சுவர் ஒன்றை ஒட்டி வரும். விளக்கின் இழையும் சூரியனும் நூறுகளையும் ஆயிரங்களையும் தொடும்.

இவ்வளவு பெரிய வீச்சை எட்டு பிட்டில் அடைக்க முடியாது. இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் பொதுவில் வெளியிட்ட ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவம் இதற்கு ஒரு வழி தந்தது. அதிலுள்ள ஹாஃப் ஃப்ளோட் எண்ணுக்கு 16 பிட்: குறிக்கு 1, அடுக்குக்கு 5, பின்னத்துக்கு 10. அது எட்டக்கூடிய மிகப் பெரிய மதிப்பு 65,504. இதில் எனக்குப் பிடித்தது வேறொரு குணம். ஒளி இரட்டிக்கும் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் அது 1,024 படிகளைச் சரிசமமாக ஒதுக்குகிறது. நிழலுக்கும் அதே மரியாதை, வெயிலுக்கும் அதே மரியாதை. கண் ஒளியை உணரும் விதத்துக்கு நெருக்கமாக ஓர் எண் முறை அமைந்திருப்பதைப் பார்ப்பது இன்பம்.

மானிட்டருக்கோ பூஜ்யம் முதல் ஒன்று வரைதான் தெரியும். ஆயிரம் வரை போகும் ஒளியை அந்தச் சிறிய இடைவெளிக்குள் முகம் கெடாமல் இறக்குவதுதான் வியூ டிரான்ஸ்ஃபார்ம். எளிமையான எஸ்ஆர்ஜிபி வளைவே இரண்டு துண்டுகளால் ஆனது: 0.0031308 வரை 12.92-ஆல் பெருக்கும் நேர்கோடு, அதற்கு மேல் 2.4 என்ற எண்ணைக் கொண்ட அடுக்குச் சார்பு. ஆஸ்கர் அகாடமி வகுத்த ஏசஸின் முதல் பதிப்பு போன்ற முறைகளில் அணிப் பெருக்கல்கள், மடக்கைகள், வெளிச்சத்தைப் பதமாக மடக்கும் வளைவு, சிவப்புக்கென்று தனியாக ஒரு திருத்தம் என்று படிகள் நீளும். யூஎச்டி சட்டம் ஒன்றில் 82,94,400 பிக்சல்கள். நொடிக்கு 24 சட்டங்கள் என்றால் கிட்டத்தட்ட 20 கோடி பிக்சல்கள் இந்தப் படிகள் அனைத்தையும் ஏறி இறங்க வேண்டும். கலைஞர் ஸ்லைடரை நகர்த்தும்போதே நிறம் மாற வேண்டும் என்றால், ஆயிரக்கணக்கான சிறு கணக்காளர்களை ஒரே நேரத்தில் ஏவும் ஜிபியூவைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு பாதைகள் பிறந்தது இந்தத் தேவையால்.

இரு பாதைகளும் பிரியும்போது என்ன ஆகும் என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் அடோபி பிரீமியர் புரோவின் சீக்வென்ஸ் அமைப்புகளில் இருக்கிறது. லீனியர் நிறத்தில் கம்பாசிட் செய் என்று அங்கே ஒரு தேர்வு உண்டு. ஜிபியூ முடுக்கமோ உச்சத் தர ரெண்டரோ இருந்தால்தான் அது செயல்படும் என்று பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். அதாவது ஜிபியூ இருக்கும் கணினியில் லீனியராகக் கலக்கும் இரண்டு காட்சிகள், அது இல்லாத கணினியில் உச்சத் தரத்தையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி போன்ற காமா வளைவு ஏறிய எண்களோடே கலக்கும். வெள்ளையும் கறுப்பும் சரிபாதியாகக் கலக்கும் ஒரு டிசால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வளைவேறிய எண்களைக் கலந்தால் நடுவில் கிடைப்பது 255-க்கு 128. ஒளியைக் கலந்துவிட்டு அதன் பிறகு எஸ்ஆர்ஜிபி வளைவில் ஏற்றினால் கிடைப்பது 188. அறுபது படிகள் வித்தியாசம்! ஒன்றில் காட்சி மங்கி மறைகிறது. மற்றொன்றில் ஒளிர்ந்தபடியே கரைகிறது. இரவுக் காட்சியில் விளக்குகள் இருக்கும் டிசால்வில் இதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இங்கே பிழை செய்தது எந்தச் சிப்பும் அல்ல. இரண்டும் தமக்குத் தரப்பட்ட கூட்டலைச் சரியாகவே செய்தன. எந்த நிறவெளியில் நின்று கூட்டுவது என்ற முடிவு மட்டும் வன்பொருளோடு சேர்ந்து மாறிவிட்டது. ஜிபியூ நிறம், சிபியூ நிறம் என்று பொதுவாகக் குறைப்பட்டுக்கொள்ளும் இடங்களில் கணிசமானவை இந்த வகைதான். இவற்றை முதலில் ஒதுக்கிவைத்தால்தான் நுட்பமானவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

நுட்பமானவற்றின் கதை ஓப்பன்கலர்ஐஓ என்ற நிற நூலகத்தின் கதை. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸ் ஸ்டூடியோவில் ஸ்பைடர்மேன் 2 படத்தின் காலம் தொட்டுச் சேர்ந்த நிற அனுபவத்தை, ஜெரமி செலன் ஒரு நூலகமாகத் திரட்டினார். 2010-இல் அது திறந்த மூலமாக வெளிவந்தது. நியூக், பிளெண்டர், நேட்ரான் என்று கம்பாசிட்டிங் உலகம் முழுவதும் அதை எடுத்துக்கொண்டது. 2014-இல் செலனுக்கு அகாடமியின் தொழில்நுட்பச் சாதனை விருதும் கிடைத்தது. நிற மாற்றங்களை எழுதிவைத்த ஒரே ஒரு கான்ஃபிக் கோப்பை எல்லா மென்பொருளும் படிக்கும், எல்லாவற்றிலும் ஒரே நிறம் வரும் என்பதுதான் அதன் வாக்குறுதி.

முதல் பதிப்பில் அந்த வாக்குறுதிக்குள் ஒரு பாகுபாடு இருந்தது. அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. சிபியூ பாதை ஒவ்வொரு படியையும் சூத்திரப்படி கணக்கிடும். இறுதிக் கோப்புக்கு உரியது அது. ஜிபியூ பாதை விரைவான பார்வைக்கு. அன்றைய கிராபிக்ஸ் கார்டுகளில் நீண்ட சூத்திரங்களை ஓட்டுவது சிரமமாக இருந்ததால், நிற மாற்றம் முழுவதையும் முன்கூட்டியே கணக்கிட்டு லட் எனப்படும் ஒரு முப்பரிமாண அட்டவணையில் போட்டுக்கொடுத்தார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று திசையிலும் பொதுவாக 32 புள்ளிகள், மொத்தம் 32,768. ஒவ்வொரு புள்ளியிலும் விடை துல்லியம். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் மட்டும் உத்தேசம். கோலத்தில் புள்ளி வைத்துவிட்டு இழை இழுப்பதுபோலத்தான் இதுவும். ஆனால் இழையை நேர்கோடாக மட்டுமே இழுக்கத் தெரிந்த கை இது. உண்மையான நிற வளைவு நெளியும் இடங்களில் கோடு அதை விட்டு விலகிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. லீனியர் ஒளிக்கு மேல்வரம்பு கிடையாது, அட்டவணைக்கு உண்டு. புள்ளிகளைச் சீராகப் பரப்பினால் பெரும்பாலானவை கண் கூசும் வெளிச்சத்துக்குப் போய், நிழலுக்கு ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஆகவே முதலில் எண்ணை இரண்டின் மடக்கையாக மாற்றி, அதற்குப் பின் அட்டவணையில் தேடினார்கள். இரண்டின் அடுக்கு −15 முதல் 6 வரை என்று வைத்துக்கொண்டால் அது 21 ஸ்டாப் வீச்சு. 32 புள்ளிகளை அதில் பரப்பினால் ஒரு ஸ்டாப்புக்கு ஒன்றரைப் புள்ளி. 64-க்கு மேலே உள்ள ஒளி எல்லாம் ஒரே மதிப்பாக வெட்டப்படும். இவ்வளவு எளிய கருவியைக் கொண்டு பல பெரிய படங்களின் கலைஞர்கள் அன்றாடம் நம்பத் தகுந்த நிறத்தைப் பார்த்தார்கள் என்பது, அந்த மடக்கையை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று தேர்ந்தவர்களின் கூர்மைக்குச் சான்று.

அட்டவணையைப் படிக்கும் விதத்திலும் இரு சிப்புகளும் வேறுபடும். ஜிபியூவில் டெக்ஸ்சர் எனப்படும் படங்களை மென்மையாக்கிப் படிப்பதற்கென்றே ஒரு தனி வன்பொருள் பகுதி உண்டு. கேட்டவுடன் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள மதிப்பைத் தந்துவிடும். மிக வேகம். ஆனால் நடுவே எந்த இடம் என்பதை அது எவ்வளவு நுணுக்கமாக அறியும்? என்விடியாவின் கூடா ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது: பின்னத்துக்கு எட்டு பிட். இரண்டு புள்ளிகளுக்கு இடையே 256 படிகள்தான். மேலே சொன்ன 21 ஸ்டாப் அட்டவணையில் கணக்குப் போட்டால், ஒரு ஸ்டாப்புக்கு ஏறத்தாழ 380 படிகள் வரும். கோப்பில் உள்ள ஹாஃப் ஃப்ளோட்டிடம் 1,024 படிகள் இருந்தன. கோப்பில் இருக்கும் நுணுக்கத்தில் பாதிக்கும் மேல் வியூவரை வந்தடைவதே இல்லை. அந்திவானம் போன்ற வழவழப்பான பரப்பில் மெல்லிய பட்டைகள் தெரிந்து, அவற்றை நீக்கக் கலைஞர் போராடி, கடைசியில் அவை கோப்பில் இல்லவே இல்லை என்று தெரியவருவது இத்தகைய இடங்களில்தான்.

எனக்கு மிகவும் பிரியமான நுட்பம் ஒன்று இதற்குள் இருக்கிறது. முப்பரிமாண அட்டவணையின் ஒவ்வோர் அறையும் எட்டு மூலைகள் கொண்ட கனசதுரம். வன்பொருள் செய்யும் டிரைலீனியர் முறை, உள்ளே இருக்கும் புள்ளிக்கு எட்டு மூலைகளிடமும் கருத்துக் கேட்கும். சாம்பல் நிறம் ஒன்று அந்த அறையின் நட்டநடுவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அறையின் மூலைவிட்டத்தின் இரு முனைகள்தான் சாம்பல். மீதி ஆறு மூலைகளும் ஏதோ ஒரு வண்ணம் ஏறியவை. எட்டும் சமமாகக் கலந்தால் சாம்பலுக்குள் ஒரு சாயம் புகுந்துவிட வாய்ப்புண்டு. டெட்ராஹெட்ரல் முறை இதைத் தவிர்க்கிறது. சாம்பல் மூலைவிட்டத்தை முதுகெலும்பாக வைத்து அறையை ஆறு நான்முகிகளாகப் பிளக்கிறது. எந்தப் புள்ளிக்கும் நான்கு மூலைகளிடம் மட்டுமே கேட்கிறது. சாம்பல் என்றால் அந்த இரண்டு சாம்பல் முனைகளிடம் மட்டும். நிறத்தில் கண் மிகக் கறாராக இருப்பது சாம்பலில்தான். துளி சாயம் ஏறினாலும் கண்டுபிடித்துவிடும். கணக்கும் குறைந்து, கண் அதிகம் கண்டிக்கும் இடத்தில் பிழையும் நீங்குகிறது. வடிவியலும் பார்வையும் இவ்வளவு ஒத்துப்போகும் தீர்வை அடிக்கடி காண முடியாது.

2019-இல் ஓப்பன்கலர்ஐஓ, அகாடமியும் லினக்ஸ் அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கிய மென்பொருள் அறக்கட்டளையின் குடையின்கீழ் வந்தது. 2021-இல் வெளியான இரண்டாம் பதிப்பு அந்தப் பழைய பாகுபாட்டை நீக்கியது. ஆட்டோடெஸ்க் தன் சொந்த நிற இயந்திரமான சின்கலரின் நிரல்களை இதற்கு வழங்கியது. டக் வாக்கரின் பொறுப்பில் நூலகத்தின் உள்ளமைப்பு திருத்தி எழுதப்பட்டது. இப்போது ஜிபியூ பாதையில் எல்லாவற்றையும் ஓர் அட்டவணையில் போட்டு அடைப்பதில்லை. அணிப் பெருக்கல் என்றால் அணிப் பெருக்கலுக்கான வரி, மடக்கை என்றால் மடக்கைக்கான வரி என்று கான்ஃபிக் கோப்பின் படிகளை ஒவ்வொன்றாக, ஜிபியூவில் ஓடும் ஷேடர் நிரலாகவே நூலகம் எழுதிக்கொடுக்கிறது. உண்மையிலேயே அட்டவணையாக வந்த பொருளுக்கு மட்டும்தான் அட்டவணை. அதைப் படிக்கும்போதும் டெட்ராஹெட்ரல் முறை வேண்டுமென்றால், வன்பொருளின் எட்டு பிட் உத்தேசத்தை விட்டுவிட்டு ஷேடருக்குள்ளேயே அந்தக் கணக்கு எழுதப்படுகிறது.

இதற்கான உழைப்பு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறச் செயலும் இருமுறை எழுதப்படுகிறது: சிபியூவுக்காக சி பிளஸ் பிளஸில் ஒருமுறை, ஜிபியூவுக்காகப் பல ஷேடர் மொழிகளில் வெளிவரும்படி இன்னொரு முறை. பிறகு இரண்டையும் ஒரே பிக்சல்களில் ஓட்டி, விடைகளை எண்ணுக்கு எண் ஒப்பிடும் சோதனைகள். வரையறுத்த பிழையளவைத் தாண்டினால் சோதனை தோற்கும். 65,536 மதிப்புகள் கொண்ட ஒரு பரிமாண அட்டவணைகள்கூட இதில் உண்டு. ஹாஃப் ஃப்ளோட்டில் எழுதக்கூடிய ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பதில் எழுதிவைத்த அட்டவணை அது. அவ்வளவு நீளமான வரி ஜிபியூவின் டெக்ஸ்சரில் ஒரே வரியாக அடங்காது. மடித்து மடித்து இரு பரிமாணப் படமாக வைத்து, தேடும்போது சரியான மடிப்புக்குப் போக வேண்டும். மடிப்பின் ஓரத்தில் ஓர் எண் பிசகினால் ஒரே ஒரு சாம்பல் படி தவறாகும். அந்த ஓரத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அந்த வேலையின் மேல் மரியாதை.

தி ஃபவுண்டரி நிறுவனம் நியூக்கிற்காக வேறு திசையில் போனது. அதன் பிளிங்க் கட்டமைப்பில் படச் செயலுக்கான கெர்னலை ஒருமுறைதான் எழுதுகிறோம். அதே வரிகள் சிபியூவுக்கும் ஜிபியூவுக்கும் தனித்தனியே மொழிபெயர்க்கப்பட்டு ஓடுகின்றன. ஓப்பன்கலர்ஐஓவில் இரண்டு எழுத்து, ஒரு சோதனை. பிளிங்கில் ஒரு எழுத்து, இரண்டு ஓட்டம். முதலாவது ஒவ்வொரு சிப்பின் பலத்தையும் முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இரண்டாவது எழுதுகிறவரின் எண்ணம் இரண்டாகப் பிளவுபடாமல் காக்கிறது. நிற மாற்றத்தைப் போலத் திரும்பத் திரும்ப ஓடும் அடிப்படைச் செயல்களுக்கு முதல் வழியும், கலைஞர்களும் டெக்னிக்கல் டைரக்டர்களும் தாமே எழுதும் எஃபெக்ட்களுக்கு இரண்டாம் வழியும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு சிப்புகளும் கடைசி பிட் வரை ஒத்துப்போவதில்லை. காரணங்கள் ஃப்ளோட் எண்ணின் இயல்பிலேயே இருக்கின்றன. 32 பிட் ஃப்ளோட்டில் 1,67,77,216 உடன் ஒன்றைக் கூட்டினால் விடை அதே 1,67,77,216. அந்த உயரத்தில் ஒன்று என்ற அளவைப் பிடித்துவைக்க இடம் இல்லை. ஆனால் பல ஒன்றுகளை முதலில் தமக்குள் கூட்டிவிட்டு அதோடு சேர்த்தால் விடை மாறும். கூட்டும் வரிசை விடையை மாற்றும் உலகம் இது. ஒரு பெரிய பிளரில் ஆயிரக்கணக்கான பிக்சல்களை சிபியூ வரிசைக்கிரமமாகக் கூட்டலாம்; ஜிபியூ குழு குழுவாகக் கூட்டி, பின் குழுக்களைச் சேர்க்கும். பெருக்கிக் கூட்டும் செயலை ஒரே மூச்சில் செய்து, விடையை ஒருமுறை மட்டும் முழுமையாக்கும் (ரவுண்டிங்) கட்டளை, 2008-இல் திருத்தப்பட்ட ஐஇஇஇ 754 தரத்தில் சேர்ந்தது. ஒரு நிரல் அதைப் பயன்படுத்தி, மற்றது இரண்டு முறை முழுமையாக்கினால் கடைசி இலக்கம் விலகும்.

அதனால் சிபியூதான் சத்தியம், ஜிபியூ நகல் என்று எண்ணுவதும் சரியில்லை. ஓப்பன்கலர்ஐஓவின் சிபியூ பாதையிலேயே மடக்கைக்கும் அடுக்குக்கும் வேகமான தோராயக் கணக்குகளைப் பயன்படுத்தும் ஒரு தெரிவு உண்டு; வேண்டாம் என்றால் அதை நிறுத்திவிடலாம். இரண்டு பக்கமும் தோராயம்தான். தோராயத்தின் அளவு தெரிந்திருக்கிறதா, அதற்கு ஒரு வரம்பு உண்டா என்பதே கேள்வி.

கடைசி பிட் எப்போது கண்ணுக்குத் தெரியும்? அதைப் பெரிதாக்கும் செயல் ஒன்று பின்னால் வரும்போது. மெல்லிய முடியிழையின் ஓரத்தில் ஆல்ஃபா ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும். அன்ப்ரீமல்ட் செய்யும்போது நிறத்தை அதனால் வகுக்கிறோம், அதாவது பிழையை ஆயிரம் மடங்காக்குகிறோம். இருட்டுக் காட்சியின் எக்ஸ்போஷரை ஆறு ஸ்டாப் ஏற்றினால் 64 மடங்கு. பச்சைத் திரையைப் பிரித்தெடுக்கும் கீயரில் ஒரு வரம்பெண் வைத்து இந்தப் பக்கம் கறுப்பு, அந்தப் பக்கம் வெள்ளை என்று பிரித்தால், ஒரே ஒரு பிட் ஒரு பிக்சலின் தலைவிதியையே மாற்றிவிடும்.

இதைவிடக் கடுமையானவை எதிர்மறை எண்கள். கேமராவின் அகன்ற நிறவெளியிலிருந்து ஏசஸ் சிஜி போன்ற குறுகிய வெளிக்கு வரும்போது, அடர்ந்த நீல எல்இடி விளக்குகள் இருக்கும் இடத்தில் ஏதாவது ஒரு சேனல் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். எதிர்மறை எண்ணுக்குப் பின்ன அடுக்கு எடுக்கச் சொன்னால் சிபியூ, எண் அல்ல என்ற சிறப்பு மதிப்பை விடையாக வைக்கும். ஜிஎல்எஸ்எல் ஷேடர் மொழியின் தரமோ அத்தகைய கணக்குக்கு விடை வரையறுக்கப்படவில்லை என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறது. ஆகவே கார்டுக்குக் கார்டு விடை வேறாகலாம். ஒரு திரையில் கறுப்புப் புள்ளி, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. அடுத்து ஒரு பிளர் வந்தால் அந்த ஒற்றைப் புள்ளி சுற்றியுள்ள பகுதியையே தின்றுவிடும். ஓப்பன்கலர்ஐஓவின் இரண்டாம் பதிப்பு இதை எதிர்கொண்ட விதம் பண்பட்டது. எதிர்மறையைப் பூஜ்யத்தில் நிறுத்துவதா, வளைவை மூலப்புள்ளிக்கு மறுபுறம் பிரதிபலிப்பதா, மாற்றாமல் அப்படியே கடத்துவதா, நேர்கோடாக நீட்டுவதா என்று கான்ஃபிக் எழுதுகிறவரே தேர்ந்துகொள்ளலாம். வன்பொருள் தன் போக்கில் முடிவெடுக்குமுன் மனிதர் முடிவெடுத்துவிடுகிறார்.

நிறமே அல்லாத சேனல்களும் உண்டு. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை 32 பிட் எண்ணில் அடையாளமாக எழுதிவைக்கும் கிரிப்டோமேட், ஆழத்தைச் சொல்லும் டெப்த், அசைவைச் சொல்லும் வெக்டர் ஆகியவை நிற மாற்றத்துக்குள் நுழைந்தால் பாழ். கிரிப்டோமேட்டை வேகத்துக்காக ஹாஃப் ஃப்ளோட்டாகக் குறைத்தாலும் அடையாளம் அழிந்துவிடும். இதனாலேயே ஜிபியூ கம்பாசிட்டரில் துல்லியத்தைக் குறித்து பிளெண்டர் கொடுத்த தெரிவு எனக்குப் பிடித்திருக்கிறது. தானியங்கி என்று விட்டால் திரையில் பார்க்கும்போது பாதித் துல்லியம், இறுதி ரெண்டருக்கு முழுத் துல்லியம். வேண்டுமானால் எப்போதும் முழுத் துல்லியம். 2024-இல் வந்த 4.2 பதிப்பிலிருந்து இறுதி ரெண்டரையும் ஜிபியூவிலேயே கம்பாசிட் செய்யலாம். சமரசம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது தெளிவாக எழுதப்பட்டும் இருக்கிறது.

இந்தக் கலையை ரசிக்கப் பழக விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். ஒரே காட்சியை ஜிபியூவிலும் சிபியூவிலும் ரெண்டர் செய்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, கிடைத்த கறுப்புப் படத்தின் எக்ஸ்போஷரைப் பத்து ஸ்டாப் ஏற்றுங்கள். அந்த வேறுபாட்டுக்கு ஒரு முகம் இருக்கும். மணல் தூவியதுபோல வடிவமின்றிச் சிதறியிருந்தால் அது கடைசி பிட்டின் முழுமையாக்கம், கவலை வேண்டாம். மூலப் படமே மங்கலாகத் தெரிந்தால் நிறவெளியோ வளைவோ ஒரு பக்கத்தில் மாறியிருக்கிறது, கான்ஃபிக்கைப் பாருங்கள். வானத்திலும் கன்னத்திலும் பட்டைகளும் பட்டை தீட்டிய கல்லைப் போன்ற தட்டைத் தளங்களும் தெரிந்தால் எங்கோ ஓர் அட்டவணை உத்தேசம் செய்கிறது. வெளிச்சமான இடங்கள் மட்டும் தட்டையாக எரிந்தால் வீச்சு வெட்டுப்பட்டிருக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனிப் பிக்சல்கள் கொதித்தால் எதிர்மறை எண்ணைத் தேடுங்கள். பொருள்களின் ஓரங்கள் மட்டும் கோடிட்டு நின்றால் ப்ரீமல்டைச் சோதியுங்கள். ஒரு படத்தை ரசிப்பதைப் போலவே இந்தக் கழித்தல் படத்தையும் ரசிக்கலாம். மென்பொருளை எழுதியவர்கள் எங்கே கவனமாக இருந்தார்கள், எங்கே அவசரப்பட்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும்.

நியூக்கின் வியூவர் அமைப்புகளிலேயே இதற்கான பயிற்சிக் களம் இருக்கிறது. முடிந்தவரை ஜிபியூவைப் பயன்படுத்து என்ற தேர்வை நிறுத்தியும் இயக்கியும் பார்க்கலாம். திரைக்கு அனுப்பும் பஃபர் எட்டு பிட்டா, ஹாஃபா, முழு ஃப்ளோட்டா என்று மாற்றலாம். ஒரு நீண்ட சாம்பல் ராம்ப்பை வைத்துக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது, இந்தத் துறைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பாடம். நிறத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு அபிப்பிராயமாக இருக்காது, அளவாக மாறிவிடும்.

மென்பொருள் நிறுவனங்கள் ஜிபியூவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வேகத்தைத்தான் சொல்கிறார்கள்: எத்தனை மடங்கு, எத்தனை நொடி மிச்சம். வேகம் வேண்டியதுதான். ஆனால் ஒரு கம்பாசிட்டரின் மூலதனம் அவர் கண். அந்தக் கண் எடுத்த முடிவு, தான் பார்த்திராத ஒரு சர்வரில், வேறொரு சிப்பில், அதே முடிவாகவே நிறைவேற வேண்டும். நிறைவேறாவிட்டால் கலைஞர் தன் கண்ணைச் சந்தேகிக்கத் தொடங்குவார். அதைவிடப் பெரிய இழப்பு இந்தத் தொழிலில் இல்லை. ஆகவே ஒரு கம்பாசிட்டிங் மென்பொருளை மதிப்பிட நான் கேட்பது மூன்று கேள்விகள்: இரு பாதைகளுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அளந்திருக்கிறார்களா? அதற்கு வரம்பு வைத்துச் சோதிக்கிறார்களா? விட்டுக்கொடுத்த இடத்தைப் பயனருக்கு வெளிப்படையாகச் சொல்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய மென்பொருளில் வேலை செய்கிறவர், தன் கவனம் முழுவதையும் அந்த நெற்றியோர முடியிழைக்கே கொடுத்துவிடலாம். அந்த நிம்மதியைக் கட்டித்தந்தவர்களும் கலைஞர்களே.